ராகலைச் சரிவில்

ராகலைக்கு இறங்கும் பாதையெங்கும் மூடுபனி. பட்டாளத்தில் ஓடிய இந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் இருக்கை எனக்கு உயரம். நுனிக்கால்தான் தரையைத் தொடும். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பெண்கள் குறுக்கே வர, நிறுத்துகிறேன். இடது காலை ஊன்றிய இடத்தில் தரை இல்லை, பள்ளம். வண்டி சாய்கிறது, எஞ்சின் அணைகிறது. ஒருத்தி ஓடிவந்து தோளால் முட்டுக் கொடுக்கிறாள். இறங்குகிறேன்.

“கால் எட்டலீங்களா ஐயா?”

“எட்டலம்மா. திரும்ப ஏறவே பயமா இருக்கு.”

“மலைப் பக்கமா தள்ளிருவோம். அந்த மேட்டுல கால வச்சு ஏறுங்க. நாங்க புடிச்சுக்கிறோம்.”

ஏறியதும் எல்லோருமாக மெல்லத் தள்ளிவிடுகிறார்கள். வண்டி சத்தமில்லாமல் சரிவில் இறங்குகிறது. ஈரக் கொழுந்தின் வாசம் கூடவே வருகிறது. பின்னால் அவர்களுடைய சிரிப்பு பனிக்குள் கரைகிறது. எஞ்சினை முடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.