ஒற்று விடுபட்ட கடிதங்கள்

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, அங்கேயே பொது மேலாளராகி ஓய்வு பெற்றேன். கணவரின் ஊரான தென்காசிக்குக் குடிவந்தபோது லாரியில் பாதி வீட்டுச் சாமான், மீதி என் காகிதங்கள்.

எழுத்தாளர்களின் கடிதங்களில் இலக்கியம் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு எந்த எழுத்தாளரும் கடிதம் எழுதியதில்லை என்று பொருள். எனக்கு வந்தவற்றில் முக்கால்வாசி புகார்கள். பின்னட்டையில் என் முகம் கறுப்பாக விழுந்திருக்கிறது. இன்னாருக்கு மட்டும் கெட்டி அட்டை போட்டிருக்கிறீர்களே, நான் என்ன பாவம் செய்தேன். ஒருவர் தம் நாவலின் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்பதைப் பற்றி ஓர் அத்தியாய நீளத்துக்கு எழுதியிருந்தார். நாவலைவிட அது விறுவிறுப்பு.

இதையெல்லாம் மாடி அறையில் அடுக்கிவைத்திருந்தேன். சாரல் காலத்தில் இங்கே அப்பளமே நமத்துப் போகும், காகிதம் எம்மாத்திரம்? மின்வாரியத்தில் வேலை பார்த்த என் கணவருக்குப் புத்தகம் என்றால் மீட்டர் ரீடிங் புத்தகம்தான். "ஏட்டி, கரையான் வந்துச்சுன்னா ஒன் எழுத்தாளமாரோட நிக்காது, கதவு நெலையையும் சேத்துத் தின்னுரும்" என்று அவர் சொல்லாத நாளில்லை. அதனால் சென்னை ஆராய்ச்சி நூலகம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்து, உங்கள் ஆவணங்களை எங்களுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டபோது, என்னைவிட அவர்தான் அதிகம் மகிழ்ந்தார். தமிழ்ப் பதிப்புலக வரலாற்றில் என் இடம் என்ன என்று அந்த அம்மாள் விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் நின்று, வண்டி அவர்களே கொண்டுவருவார்களா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலகம் அனுப்பிய ஆவணக் காப்பாளர் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் தலை ஈரம் காயாமல் வந்தாள். கையுறை, முகக்கவசம், ஒரு மெல்லிய தூரிகை. என் கையால் கசங்கிய தாள்களையெல்லாம் அவள் கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். கடிதம் எழுதியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும் என்று அவளே எல்லோரையும் அழைத்துப் பேசினாள். பெரும்பாலோர் உடனே சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும், தம் கடிதங்களுக்குப் பக்கத்தில் யாருடைய கடிதங்கள் இருக்கும் என்று விசாரித்தாராம்.

நேரில் கிளம்பி வந்தது பக்கத்து ஊரான வடகரையிலிருந்து நாவலாசிரியர் ஒருவர்தான். தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ளவர். அவர் புத்தகங்கள் எல்லாம் எங்கள் வெளியீடு. 'தெளிந்த நடை' என்று விமர்சகர்கள் அவருக்கு ஒரு பட்டமே கொடுத்திருந்தார்கள். ஒரு சாக்குத் தேங்காயோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், மாடிக்கு ஏறி உட்காரும் முன்பே சொன்னார்:

"எம்மா, என் கடுதாசியெல்லாம் திருப்பித் தந்துரு."

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்தக் கடிதங்களில் அவர் தம் காலத்து எழுத்தாளர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. குறிப்பாக ஒரு நண்பரை. அவருடைய கதைகளை 'ஊறப்போட்டு மறந்த உளுந்து' என்று எழுதியிருந்தார். அந்த நண்பர் இறந்தபோது, இரங்கல் கூட்டத்தில் மேடையிலேயே அழுதவரும் இவர்தான். இவர் காலம்வரை அந்தக் கடிதக் கட்டை முத்திரையிட்டு வைக்கலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது என்று காப்பாளர் மரியாதையாகச் சொன்னாள்.

"மூடி வச்சா யாரு படிப்பா?" என்றார் அவர். "வைதது வைததுதான். அவன் மட்டும் என்னைய வையலையா?" கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன் இருந்திருந்தா இத வாசிச்சுட்டு நேரா வடகரைக்கு வந்து சண்ட போட்டிருப்பான். பொறவு சாப்புட்டுட்டுத்தான் போவான்."

டீ எடுத்து வருகிறேன் என்று காப்பாளர் கீழே போனாள். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எல்லாத்துலயும் ஒற்று தப்பா கெடக்கும்மா."

சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்பதும்தான். அத்தனை புத்தகங்களிலும் ஒற்று போட்டது நான், வாக்கியங்களை வெட்டியதும் நான். நடைக்கு விருது வாங்கிய மேடையில் தம் தோப்பு, மழை, குலதெய்வம் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். எனக்கு வருத்தமில்லை. பதிப்பகத்தாரின் இடம் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில். ஆனால் இப்போது ஏதாவது ஓர் ஆராய்ச்சி மாணவி கடிதத்தையும் நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

"ஒரு செவப்புப் பேனா எடு. நீ திருத்தாததா?"

எடுத்துவிட்டேன். பழகிய கை, பிழையைக் கண்டால் நிற்காது. முதல் கடிதத்தின் முதல் வரியில் பேனா படப்போகும் நேரத்தில் காப்பாளர் டீத் தட்டோடு வந்து நின்றாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"மேடம், அந்தப் பேனாவ முதல்ல மூடுங்க."

மூடினேன். ஆவணத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று அவள் விளக்கினாள். கடிதம் தம்முடையதுதானே என்று அவர் வாதாடினார். வார்த்தைகள் உங்களுடையவை, காகிதம் மேடத்துடையது என்றாள் அவள். அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேறொரு பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கோப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன். இளவயதில் நான் எழுதத் தொடங்கி, ஒன்பது பக்கத்தோடு நின்றுபோன என் நாவல். அதுவரை அதை யாரும் படித்ததில்லை.

அவர் ஒன்பது பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இத்தனை வருடம் எத்தனையோ பேரை இப்படிக் காக்கவைத்திருக்கிறேன். இப்போது என் முறை.

"ஒரு பெழ கெடையாது," என்றார். "ஆனா இதுல ஒரு ஆளும் மூச்சு விடலையே."

"அதான் அண்ணாச்சி. ஒற்று என்னுது. மூச்சு ஒங்களுது."

அவருக்கு உயிர் வந்துவிட்டது. இந்த ஒன்பது பக்கத்தையும் தம் கடிதங்கள் உள்ள பெட்டியிலேயே வைப்பதானால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஏன் என்று காப்பாளர் கேட்டாள். "ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்" என்றார். நான் தயங்கினேன். பிறகு, அவர் பிழைகள் ஊருக்குத் தெரியலாம் என்றால் என் பிணங்களும் தெரியட்டும் என்று கொடுத்துவிட்டேன். அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, மதியம் சொதி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பெட்டிகள் அந்த வாரமே சென்னைக்குப் போயின.

சில மாதம் கழித்துத் தென்காசியில் அவருக்கு ஒரு பாராட்டு விழா. நானும் கணவரும் போயிருந்தோம். ஏற்புரையில் திடீரென்று, தமக்கு ஒற்று போடத் தெரியாது என்றும், அதெல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா போட்டது என்றும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. அடுத்துப் பேசியவர், இவ்வளவு எழுதியும் எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று வெகுநேரம் உருகினார். ஒற்று விஷயத்தை ஒருவரும் நம்பவில்லை.

"ஒன்னையத்தான் சொல்லுதாவ, எந்திரிச்சு நில்லு" என்று கணவர் என்னை இடித்தார். எழுந்து நின்றேன். மேடை மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன்.