கிச்சுவின் இரண்டு நோய்கள்

பிற்பகல் மூன்றே காலுக்கு ஹம்சாவின் அலுவலகத்துக்குப் போன் வந்தது. கிட்வாய் நகரிலிருந்து பக்கத்து வீட்டு மாமி பேசினாள். "கிச்சு கதவைத் திறக்கலைடி. உடைச்சுப் பார்த்தா, மூச்சு இல்லை. பக்கத்துல காலி இருமல் மருந்து பாட்டில்."

கிச்சு என்கிற ஜெயகிருஷ்ணன் அவளுடைய தம்பி. இருபத்து மூன்று வயது. இன்று தெய்வம் என்று கொண்டாடும் ஆளை நாளைக்கே துரோகி என்பான். எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் வந்தால் இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிடுவான். மறுவாழ்வு இல்லத்தில் போதையை மட்டும் பார்த்தார்கள். மனநல மருத்துவர்களோ, போதையை விட்டுவிட்டு வரட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அலைந்து திரிந்து கடைசியில் ஒரு டாக்டர் கிடைத்தார். இது ஆளுமைக் கோளாறு, இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அன்று புதன். காலையில் அவள் செருப்பை மாட்டும்போது கேட்டான்.

"சாயங்காலம் வந்துடுவே இல்ல?"

"இல்லடா, பஸ் டிரைவரோட ஓடிப் போறேன்."

சிரித்தான். பிறகு மெதுவாக, "நாளைக்கு டாக்டர் ஏதாவது சொன்னா என்னை விட்டுட மாட்டியே, அக்கா?"

"அசடு. சும்மா யோசிச்சிண்டு இருக்காம கூலரோட மூணு பக்கத் தட்டிக்கும் புதுப் புல் வை, காத்து ஜில்லுனு வரட்டும். ஜல்தி."

கிச்சுவின் காரியங்கள் எல்லாம் முடிந்தும் ஹம்சாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்கு அறை நடக்கிறாள். கூலரில் இரண்டு பக்கத் தட்டியில் கிச்சு வைத்த புதுப் புல் இருக்கிறது. மூன்றாவது பக்கம் காலியாக இருக்கிறது.