கருடனுக்கு அடித்த பெயின்ட்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்கும் முன் ஊர் ஊராகப் போய்க் கோயில் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தேன். எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. இந்த வேலை போனால் பட்டறைக்குப் பின்னால் கொடுத்திருந்த படுக்கையும் போகும். வேறு போக்கிடம் இல்லை.

அந்த வாரம் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஒரு கன்டெய்னர் வந்தது. பாலித் தீவில் செதுக்கிய மரச்சிலைகள், ஏதோ கடற்கரை ஓட்டலுக்கு. அதில் ஆளுயரக் கருடன் ஒன்று. வர்ணம் உரிந்து, இடுக்கெல்லாம் மண். "தொடச்சி வை" என்று சொல்லிவிட்டுப் பட்டறை மேஸ்திரி ஆரணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாமி உருவத்தை அப்படி உரிந்தபடி விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. கப்பலில் உப்புக்காற்று பட்டுக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அலகுக்கு மஞ்சள், இறகுகளுக்குப் பச்சையும் சிவப்பும் அடித்து, கடைசியாகக் கருவிழி எழுதிக் கண் திறந்தேன். இரண்டு நாள் ஆனது.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற?"

"உரிஞ்சி போயிருந்திச்சி, மேஸ்திரி."

"அந்த உரிஞ்சதுக்குத்தான்யா ஓட்டல்காரன் வாங்கினான். கோபுரத்து பொம்ம வேணும்னா இங்கியே செஞ்சிக்க மாட்டானா? செதுக்கன ஆளு நாளைக்கி காலைல வர்றாரு, ஓட்டல்ல இதுங்கள நிறுத்தி வைக்க. நீயே பதில் சொல்லிட்டு கெளம்பு."

பையைக் கட்டி வைத்தேன்.

செதுக்கியவர் ஓட்டல் காரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். கருடனை ஒரு சுற்றுச் சுற்றினார், அலகை விரலால் தேய்த்துப் பார்த்தார். அடித்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பாஷையும் கிட்டத்தட்ட அதுதான், புரிந்தது. சிரித்துவிட்டார்.

அவர்கள் ஊரில் கோயிலுக்குச் செதுக்குவது இப்படித்தான் பளிச்சென்று இருக்குமாம். மங்கினால் மறுபடி அடிப்பார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததும் வெறும் மரமாகக் கேட்டார்கள், செதுக்குகிறவர்கள் வர்ணத்தை விட்டார்கள். பிறகு வந்தவர்கள் பழசாகக் கேட்டார்கள். அதனால் இவர் புதுச் சிலைக்கு முழுசாக வர்ணம் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணைக் குழைத்துப் பூசுகிறார். இந்தக் கருடனைச் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னாய்யா சொல்றாரு?" என்றார் மேஸ்திரி.

"பாதி வேல முடிஞ்சிருக்குதாம். இனிமே தேச்சி பழசாக்கணுமாம்."

"நீ இட்டுக்கட்டலயே?"

"உப்புத்தாள் கேக்கறாரு, மேஸ்திரி. ரெண்டு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

மேஸ்திரி செதுக்கியவர் முகத்தைப் பார்த்தார். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

நான் அடித்த பெயின்ட் கெட்டி. தேய்க்கத் தேய்க்க அவர் முனகினார், நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் இடது இறக்கை பழசாகத் தொடங்கியது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி நாஷ்டா வாங்கப் போனார். மூன்று பொட்டலம் வாங்கி வந்தார்.