கேட்டுக்கு வெளியே ஒரு வகுப்பு

கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தது. என் மகள் வாயைத் திறக்கவில்லை. ஆன்லைன் வகுப்பில் மைக்கை அணைத்தே வைத்துப் பழகிவிட்டாள். வீட்டில் ஓயாமல் பேசுவாள், வகுப்பில் டீச்சர் கேட்டால் தரையைப் பார்த்து நிற்பாள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் எங்கள் வீடு. அவள் படித்தது ஃபீஸ் கட்டிப் படிக்கும் இந்தியப் பள்ளி. ஆண்டு முடிவதற்குள் வாய்விட்டு வாசித்துக் காட்டாவிட்டால் இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் என்று பிரின்சிபால் மேடம் சொல்லிவிட்டார். நான் நர்ஸ். டியூட்டியில் என் குரலுக்கு வார்டே அடங்கும். அன்று வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த நேரம் பார்த்து, கொரோனாவில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஒரு நிவாரண நிதியிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியை கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வெளியாக்களோட கதைக்கப் பயம், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

சந்தோஷம் பள்ளி கேட் வரைதான். நிதியின் உதவி பிள்ளைக்குத்தானே தவிர, ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கு இல்லையாம். அதனால் அந்த ஆசிரியை தனியார் பள்ளியின் அறையிலோ பஸ்ஸிலோ பாடம் நடத்தக் கூடாது. ஆனால் பள்ளி நேரத்தில்தான் நடத்த வேண்டும் என்று இன்னொரு விதி. உள்ளேயும் போகக் கூடாது, தூரமும் போக முடியாது. இதை எழுதிய புண்ணியவானுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று மேடத்தின் முன்னாலேயே கத்தினேன். அவர் மதுரைக்காரர், அசரவில்லை. "ரூல் என் கையில இல்லம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். குளச்சல் பக்கத்து ஆள், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "கேட்டுக்கு வெளிய நம்ம வேன் நிக்கலாம்லா? பொறவு என்னத்துக்குக் கெடந்து அழுக?" என்றார்.

அப்படித்தான் வாரம் ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில், ஏணிக்கும் செம்புக் குழாய்களுக்கும் நடுவில் வகுப்பு நடந்தது. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுபவரின் வேனில் பின்பக்கம் ஏசி கிடையாது. நல்லவேளை, அது குளிர்காலம். ஆசிரியை புத்தகத்தைத் தொடவேயில்லை. ஒவ்வொரு சாமானாகக் காட்டி, "இது என்ன பிள்ளை?" என்று கேட்பார். முதலில் காதோடு காதாகச் சொன்னாள். பிறகு ஸ்பானரைத் தப்பான இடத்தில் வைத்தால் அவரையே அதட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வாசிப்புத் தேர்வன்று வகுப்பில் பழையபடி தரையைப் பார்த்து நின்றாள். சாப்பாட்டு இடைவேளையில் வேனில் ஏறிய பிறகுதான் சொன்னாள், எனக்கு உயிரே போய்விட்டது. யாழ்ப்பாணத்து ஆசிரியை நேராகக் கேட்டுக்குப் போய் மேடத்தைக் கூப்பிட்டார்.

"நான் உள்ளுக்க வரக் கூடாது, சரி. நீங்கள் வெளியில வரக் கூடாதெண்டு விதி இருக்கோ?"

மேடம் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தோடு வேனுக்குள் ஏறினார். உட்கார இடம் தேடிக் குனிந்தார்.

"மேடம், அது மேல உக்காராதீங்க! அது அப்பாவோட கேஸ் சிலிண்டர். இந்தப் பெட்டி மேல உக்காருங்க."

ஒரு வருஷமாக அந்தப் பள்ளியில் யாரும் கேட்காத குரல். மேடம் அவள் காட்டிய பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"கலாஸ், முடிஞ்சிருச்சு, பாஸ்" என்றார், புத்தகத்தைத் திறக்காமலேயே.

"நான் இன்னும் வாசிக்கலையே மேடம்" என்று அதை வாங்கி விரித்தாள் மகள்.

வாசித்தாள். கேட்ட பக்கம் முடிந்தும் நிறுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றாள்.