இரண்டு திரைகளுக்கு நடுவே தனம் அக்கா

தனம் அக்கா இறந்துவிட்டார் என்று கிள்ளானிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. "காலையில எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல" என்றார். பொட்டலத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் எங்களோடு இருந்த உங்களுக்கெல்லாம், அக்கா என்றதும் திரைச் சண்டைதான் ஞாபகம் வரும். கணினியில் வரையத் தொடங்கிய புதிது. ஆளுக்கு இரண்டு சின்னத் திரைகள்: ஒன்றில் கட்டளை வரிகள், மற்றதில் வரைபடம். பிறகு, அவற்றுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே பெரிய திரை வாங்குவதென்று முதலாளி முடிவு செய்தார். முழு வரைபடமும் ஒரே பார்வையில் தெரியும், கழுத்தைத் திருப்ப வேண்டாம். எல்லாருக்கும் ஒரே குஷி. அக்கா மட்டும், "எனக்கு ரெண்டே போதும் பாஸ்" என்றார்.

"அது பழைய கதை லா, தனம். இது எவ்வளோ கிளியரா இருக்கு பாருங்க."

"எனக்கு ரெண்டுதான் வசதி."

பிடிவாதக்காரி என்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அவருக்கு எதிர் மேசை நான். எனக்குக் காரணம் தெரியும். அதற்கு முன்பே ஒருநாள், அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவரிடம் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். எழுந்து பக்கத்தில் வந்தார். "மூஞ்சியக் காட்டிப் பேசு. காது போயிருச்சு. வெளிய சொல்லிராத, வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

முன்பு வேலை செய்த தொழிற்சாலையின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். இரண்டு திரைகளுக்கும் நடுவே அவர் இடைவெளி விட்டிருந்தது அதற்குத்தான். அதன் வழியே என் முகமும், எனக்குப் பின்னால் முதலாளியின் அறைக் கதவும் தெரியும். அவருக்கு வரும் தொலைபேசியை நான் எடுத்து, உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வேன். சத்தமே இல்லாமல் நாங்கள் அடித்த அரட்டை கொஞ்சமில்லை. முதலாளியைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பெரிய திரை வந்தது. அந்தப் பெட்டி மேசையில் பாதியை அடைத்தது. அக்கா ஓரமாகத் தள்ளினார். முதலாளி நடுவில் நகர்த்திவைத்தார். அதன்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நெற்றி மட்டுமே.

நான் விடுப்பில் இருந்த ஒருநாள், செராஸ் கட்டட வரைபடத்தில் ஒரு மாற்றத்தை முதலாளி தன் அறை வாசலில் நின்றே அக்காவிடம் கத்திச் சொன்னாராம். பழைய வரைபடமே வேலையிடத்துக்குப் போனது. தூண் தப்பான இடத்தில் எழும்பிவிட்டது. மறுவாரம் எல்லார் முன்னாலும் அக்காவின் மேசைக்கே வந்து, "காது என்ன செவிடா?" என்று கேட்டார்.

அக்கா அவர் உதட்டைப் பார்த்தபடியே, "ஆமா பாஸ்" என்றார்.

மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தத் திரையை ஓரமாகவே விட்டிருந்தால் போதும்.

கடைசியாகக் கிள்ளானில் பார்த்தபோது, வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். "எங்க போனாலும் பெரிய ஸ்கிரீன்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். யாரிடம் பேசினாலும் முகத்துக்கு நேரே நின்று, வார்த்தையை விழுங்காமல் பேசுகிறேன். நேற்று அவர் வீட்டுக் கூடத்திலும் அப்படித்தான், கிடத்தியிருந்த அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டை மட்டும் அசைத்து, "போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

கண்கள் மூடியிருந்தன. அவருக்குக் கேட்டிருக்காது.