மதினி குனிந்து குடித்த தண்ணீர்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். பதுளையில் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், என் மதினியின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்திய நாள் பசறை ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இங்கே வைத்துப் பார்க்கிற நோய் இல்லை என்று சொல்லி அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த ரோட்டில் வளைவுக்கு ஒரு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். பச்சைப் பச்சையாக வந்தது. வயிறு பானை மாதிரி ஊதி, சேலை பட்டாலே வலிக்கிறது என்றார்.

மதினி என்றால் என் புருஷனுடைய அக்கா. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு ஒரு காம்பிரா, எங்களுக்கு அடுத்த காம்பிரா. நடுவில் ஒரு சுவர்தான். அவர் சத்தம் இந்தப் பக்கம் கேட்காத நாளே இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை வாங்குகிற கங்காணியையே மடக்கிப் பேசுகிற வாய் அது. நான் அப்படியில்லை. எட்டாம் வகுப்போடு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து மதினி எனக்கு வைத்த பெயர் 'ஊமச்சி'. கோபத்தில் வைத்த பெயரில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் பழகிப்போனது, எனக்கும்தான்.

காலையில் சுற்றி வந்த டொக்டருக்குத் தமிழ் தெரியும். நிதானமாகச் சொன்னார். எப்போதோ செய்த கர்ப்பப்பை ஆபரேஷனின் உள்தழும்பில் குடல் ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கிறதாம். மூக்கு வழியாக ஒரு டியூப் விட்டு, தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்கி, தேங்கிக் கிடக்கிறதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் குடல் தானாக அவிழ்ந்துகொள்ள வழி இருக்கிறது, வயிற்றைக் கிழிக்காமலே சரியாகலாம். எடுக்காமல் விட்டால், வாந்தி நுரையீரலுக்குள் போனாலும் போகும். "அது ஆளுக்கே ஆபத்தும்மா" என்று சொல்லிவிட்டு, அவசரமாக ஆபரேஷன் அறைக்குப் போய்விட்டார்.

டியூப் போட வந்தவர் ஒரு சிங்கள நர்ஸ். மிஸ் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். வலி, தண்ணி, முழுங்க என்று நாலைந்து தமிழ் வார்த்தைகள் அவருக்குத் தெரியும். நல்ல பொறுமைசாலி. மதினியை முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். மூக்குக்குள் மரத்துப்போகிற மருந்தைத் தடவி, அது வேலை செய்யும்வரை காத்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, தன் தாடையை நெஞ்சில் படும்படி இறக்கி, ஒரு வாய் உறிஞ்சி முழுங்குகிற மாதிரி செய்து காட்டினார். அப்படி முழுங்க முழுங்க டியூப் சுலபமாக இறங்குமாம். மதினியும் சரி சரி என்று தலையாட்டினார்.

ஆனால் நடந்தது வேறு. டியூப் தொண்டைக்கு வந்ததும் மிஸ் கோப்பையைக் கையில் கொடுத்தார். மதினி உடனே முகத்தை மேலே தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஒரே இருமல். கண்ணெல்லாம் சிவந்து, டியூப் வாய் வழியாக வந்து நின்றது. மிஸ் முதுகைத் தடவிக்கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடியும் பார்த்தார். தலையை மெதுவாகக் கீழே அமர்த்திவிட்டார். கோப்பை கைக்கு வந்ததும் தலை திரும்பவும் மேலே போனது. இந்த முறை மதினி டியூபை இழுத்து எறிந்துவிட்டார். மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது.

"மாதாவே, என்னைக் கொல்றாங்களே! ஏ ஊமச்சி, தம்பிக்கு போனைப் போடு. நான் வீட்டுக்குப் போறேன். சாகுறதுன்னா என் காம்பிராவுலயே சாகுறேன்."

"பிடிவாதம் பிடிச்சா யாரு என்ன செய்ய முடியும்" என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். அவர் அப்புத்தளைக்காரர், முந்திய நாள்தான் வந்திருந்தார்.

மிஸ் கோபப்படவில்லை. இரத்தத்தைத் துடைத்துவிட்டார். ஆனால் முகம் வாடிவிட்டது. இன்னொரு மிஸ்ஸைக் கூப்பிட்டு, தலையை இரண்டு கையாலும் கீழே அமுக்கிப் பிடிக்கும்படி சைகை காட்டினார். அதைப் பார்த்த மதினி கட்டிலை விட்டே இறங்கப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது. மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒரே கேன் தண்ணீரைத்தான் எல்லாரும் குடிப்போம். வாய் வைக்கக்கூடாது, தூக்கித்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். யாராவது தெரியாமல் வாய் வைத்துவிட்டால் மதினி லேசில் விடமாட்டார். "எச்சிப் பண்ணிட்டியேடி, கொண்டு போய்க் கழுவிப் புதுத் தண்ணி புடிச்சிட்டு வா" என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். அப்படிப்பட்டவர் கையில் ஊர் பேர் தெரியாத பொதுக் கோப்பையைக் கொடுத்தால்? உயிர் போகிற வலியிலும் கை தானாகத் தூக்குகிறது, தலை தானாக அண்ணாந்துகொள்கிறது. இது பிடிவாதமே இல்லை. அவர் மரியாதையாகக் குடிக்கப் பார்த்திருக்கிறார்.

இதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததோ பசறைக் கடைகளில் சாமான் வாங்கப் பழகிய சிங்களம். ஒரு அடி முன்னால் வைத்து, "பொட்டக் இன்ன மிஸ்" என்றேன், கொஞ்சம் பொறுங்க மிஸ் என்று. என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்தக் கோப்பையை எடுத்து, அண்ணாந்து, உயரத் தூக்கி ஊற்றிக்கொள்வதுபோல் நடித்தேன். பிறகு உதட்டையும் கோப்பையையும் காட்டி, எங்கள் ஆட்கள் இப்படி வைக்கமாட்டார்கள் என்று கையை ஆட்டினேன். அதைப் பார்த்த மிஸ் நெற்றியில் கையை வைத்துச் சிரித்துவிட்டார். வந்த மற்ற மிஸ்ஸை, வேண்டாம் போ என்று அனுப்பினார்.

என்னைப் பக்கத்தில் நிறுத்தி, தன் தொண்டையில் விரலை வைத்து, எனக்குப் புரிகிற சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். முகம் மேலே போனால் மூச்சு போகிற வழி திறந்துகொள்ளும், டியூப் அங்கே போய் இருமல் வரும். தாடையை இறக்கி முழுங்கினால் சாப்பாடு போகிற வழி திறக்கும். இன்னொன்றும் சொன்னார். எந்த நேரம் தாங்க முடியவில்லையோ, அப்போது கையைத் தூக்கட்டும், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன் என்றார். அவ்வளவையும் நான் மதினியிடம் எடுத்துச் சொன்னேன்.

"நிறுத்துவாங்களா? நெசமாவா?"

"நெசமாத்தான் மதினி."

"அதெல்லாம் சரி. அந்தக் கோப்பையில எத்தனை பேரு வாய் வெச்சாங்களோ. நான் வெக்கமாட்டேன்."

என் பையில் தேத்தண்ணி கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது. அதன் மூடியைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்து நீட்டினேன். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காலையில நீ தேத்தண்ணி குடிச்ச மூடிதானே?"

"ஆமா."

"அப்ப ஒன் எச்சிய நான் குடிக்கணுமா?"

வேறு நேரமென்றால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அன்று எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஆமா மதினி. இத்தனை வருஷமா என் கையால ஆக்குன சோத்தைத் தின்னுருக்கீங்க, என் எச்சியக் குடிச்சா ஒண்ணும் கொறைஞ்சு போயிற மாட்டீங்க. பேசாமக் குனிஞ்சு குடிங்க" என்றேன்.

அப்புத்தளை அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மதினி என்னை யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அடி ஆத்தே, ஊமச்சிக்கு வாயி மொளைச்சிருச்சு!" என்று சொல்லிவிட்டு மூடியை வாங்கிக்கொண்டார்.

மிஸ் இந்த முறை மற்ற மூக்குத் துவாரத்தில் மருந்து தடவினார். அவசரப்படாமல் காத்திருந்தார். மூடியில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். மதினியின் இடது கையை நான் என் கையில் வைத்துக்கொண்டேன், அவர் அதைத் தூக்கினால் எனக்குத் தெரியுமே. "காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சூடா தேத்தண்ணி குடிப்பீங்கல்ல மதினி? அது மாதிரி குனிஞ்சு உறிஞ்சுங்க" என்றேன். அவர் உதட்டை மூடியில் வைத்து உறிஞ்சினார். முழுங்கினார். டியூப் கொஞ்சம் இறங்கியது.

பாதி வழியில் என் கைக்குள் அவர் கை துடித்து மேலே எழும்பியது. நான் மிஸ்ஸைப் பார்ப்பதற்கு முன்பே அவர் நிறுத்திவிட்டார். டியூபைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சொன்ன சொல் மாறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மதினி வாயால் மூச்சு விட்டார், கண்ணில் தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவரே கையைக் கீழே போட்டு, ம் என்று தலையை அசைத்தார். பயம் போனது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு உறிஞ்சல், ஒரு முழுங்கல், ஒரு தள்ளல். நான் "அவ்வளவுதான் மதினி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மிஸ் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சை வைத்து இழுத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் வந்தது. சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று கட்டை விரலைக் காட்டினார். டியூபை மூக்கில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, கீழே பையை மாட்டியதும் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது. பின்னேரம் ஆகும்போது மதினியின் வயிறு தளர்ந்து, வாந்தி நின்று, அவர் முதல் தடவையாகக் கண்ணயர்ந்தார்.

அடுத்த நாள் காலையில் மிஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்து, "அக்கா, வாங்க" என்று தமிழில் கூப்பிட்டார். வார்டின் அந்த மூலையில் வேறொரு தோட்டத்துப் பெண், அதே டியூப், அதே பயம். மிஸ் முதலில் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் "வாய் வெச்சுக் குடிப்பீங்களா?" என்று தானே கேட்டார். அவள் தயங்கினாள். அவளுடைய சொந்தத் தம்ளரையே எடுக்கச் சொன்னோம். இந்தப் பக்கத்திலிருந்து, மூக்கில் டியூபோடு, என் மதினியின் குரல் வந்தது. "பயப்படாத புள்ள! எங்க தம்பி பொண்டாட்டிதான் அது. அவ சொல்றதக் கேளு, சுளுவா எறங்கிரும்!"

ஊமச்சி என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையிலேயே டியூப் இறங்கியது.

மதினியின் குடல் சில நாளில் தானாகவே திறந்துகொண்டது. கத்தி வைக்காமலே பிழைத்துவிட்டார் என்று டொக்டர் சொன்னார். டியூபை எடுத்த பிறகு அவர் கேட்ட முதல் சாப்பாடு கருவாட்டுக் குழம்பு. கஞ்சிதான் கொடுத்தார்கள். அதற்கு வார்டே அதிரச் சண்டை போட்டார்.

டியூபைப் போட்டது மிஸ், தாங்கிக்கொண்டது மதினி, நான் நடுவில் நின்று பேசியவள்தான். ஆனாலும் வலியில் கிடக்கிற ஒருத்தர் முரண்டு பிடித்தால் அவரிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைப் புரிந்து எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் நானாக இருந்தேன் என்று நினைக்கும்போதெல்லாம், கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்துகொண்டு மேடு ஏறுகிற நேரத்தில்கூட, என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.