பேச்சியம்மா வீட்டுக் காப்பியும் எங்கள் ஆராய்ச்சியும்

முதலில் நெருக்கடியைச் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாவுக்குக் கொடுத்த தையல் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ராகவன் சார் ஒரு காலையில் முடிவு கட்டினார். மிஷின் வந்ததிலிருந்து அவள் இன்னும் ஏழையாகிக்கொண்டிருந்தாள் என்பதுதான் காரணம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ராகவன் சாருக்கு ஒரு ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் கிடைத்திருந்தது. நொடிந்த குடும்பத்துக்கு ஒரு தொழில் கருவி கொடுத்தால் அது சொந்தக் காலில் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் வளர்ந்த நான் அவரிடம் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர். பேச்சியம்மாவின் வீடு தாராவியில். தோல் பட்டறையில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். மாஹிம் கடை ஒன்று உள்பாவாடை தைக்கத் துணி கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் அவள் தன் சம்பாத்தியத்தில் குடும்பத்தை நடத்த வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு தம்ளர் காப்பி

ஃபெல்லோஷிப்பில் கறாரான விதி ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் காலணாகூடக் கொடுக்கக் கூடாது, ஒரு வாழைப்பழம்கூட வாங்கிப் போகக் கூடாது. கொடுத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம்.

தினமும் காலையில் சாரும் நானும் இன்னும் இரண்டு உதவியாளர்களுமாக நாலு பேர் போய் உட்காருவோம். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். முதல் நாள் சார், "காப்பியெல்லாம் எதுக்கும்மா?" என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் சார், எங்க கையால குடிக்க மாட்டியளோ?"

போச்சு! பூணூலைக் கழற்றி எறிந்துவிட்டு மேடைக்கு மேடை சாதி ஒழிப்பு பேசுகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? பதறிப்போய் வாங்கிக் குடித்தார். அவள் நம்பியிருக்க மாட்டாளோ என்று இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது, கூடவே முறுக்கும்.

நாலாவது மாதம் சார் என்னைக் கூப்பிட்டார். "தையலே நடக்கல. எப்பப் பாரு பாலும் சர்க்கரையும் வாங்கறா. வரவா போறவாளுக்கெல்லாம் செலவு பண்ணக் கூடாதுன்னு நீ போய்ச் சொல்லு. இல்லேன்னா மிஷினை எடுத்துண்டு வந்துட வேண்டியதுதான்."

போய்ச் சொன்னேன். பேச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு வேற யாரு வாரா? நீங்க நாலு பேருதான. நீங்க எந்திரிச்சிப் போகவும் மத்தியானம் ஆயிருது. பெறவு எங்க தைக்க? பக்கத்து வீட்ல சீனி கேக்க வெக்கமா இருக்கு." சட்டென்று அவள் குரல் உடைந்தது. "மிஷினக் கொண்டு போயிருவாவளோ? அப்பன் செத்த பட்டறைக்கே புள்ளையள அனுப்பணுமே தாயி!"

"காப்பி போடாதீங்க அக்கா."

"அதெப்படி? வந்தவுகள சும்மா அனுப்புனா நானும் ஒரு மனுசியா?"

சாரிடம் வந்து சொன்னேன்.

"பணம் கொடுத்துடலாம்" என்றார். விதி இருக்கிறதே என்றேன். "குடிக்காம இருந்துடலாம்" என்றவர், "ஐயோ, சாதி பார்க்கறேன்னு நினைச்சுப்பாளே" என்றார்.

"அப்ப போகாம இருங்கோ சார்."

"போகாம எப்படி ஆராய்ச்சி பண்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ பிழைக்கணுமா, உங்க ஆராய்ச்சி பிழைக்கணுமா?"

சார் ஓடிய கதை

இரண்டு நாள் யோசித்து, வீட்டுக்குள் போகாமல் வெளியிலிருந்தே கவனிப்பது என்று முடிவு செய்து, அதற்கு 'தொலைநிலைக் கவனிப்பு' என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் மனிதருக்கு நிம்மதி வந்துவிட்டது. சந்து முனையில் நின்று, மிஷின் சத்தம் கேட்கிறதா என்று காதால் கவனிப்போம். கேட்டால் சார் தலையை ஆட்டிக்கொள்வார்.

ஒரு நாள் பேச்சியம்மா பார்த்துவிட்டாள். "ஐயையோ, சார் வெயில்ல நிக்காவளே!" என்று தம்ளரோடு ஓடி வந்தாள். சார் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் ஓட்டம் பிடித்தார். காய வைத்திருந்த தோல்களைத் தாண்டி, பானைகளுக்கு நடுவில் புகுந்து, திரும்பியே பார்க்காமல் ஓடினார். அவர் செய்த ஆராய்ச்சிகளிலேயே ஒரு குடும்பத்துக்கு நேரடியாகப் பலன் கொடுத்தது அந்த ஓட்டம்தான்.

காப்பி போடுகிற வேலை போனதும் அவள் காலையெல்லாம் தைத்தாள்; ஆறு மாதக் கெடுவுக்குள் குடும்பம் அவள் சம்பாத்தியத்தில் நடக்க ஆரம்பித்தது, மிஷின் அவளிடமே நின்றது. ஃபெல்லோஷிப் கொடுத்த கமிட்டி வந்து பார்த்து மெச்சியது. மெச்சிய கையோடு, இன்னும் நாற்பது குடும்பங்களை நேரில் கவனிக்கச் சொல்லி நிதியும் கொடுத்தது. கவனிக்க இந்தத் தடவை வீட்டுக்கு ஆறு பேர்!

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உதவப் போன வீட்டில் சீக்கிரம் எழுந்திருங்கள். அன்றைக்கு நாற்பது குடும்பம் என்று நான் போய்ச் சொன்னதும் பேச்சியம்மா மிஷினை நிறுத்திவிட்டாள்.

"எந்தெந்த வீடுன்னு சொல்லு தாயி. வெளிய பூட்டத் தொங்க விட்டுட்டு உள்ள இருந்து தைக்கச் சொல்லுதேன்."